கிளிப்பச்சைக் கைப்பிடி

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் பக்கத்து வகுப்பிலிருந்து வந்த கூச்சலில் என் பிள்ளைகள் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். சத்தம் போடலாம் என்று எட்டிப் பார்த்தேன். அருள்மொழி டீச்சர் வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், ஆடியில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தாள். எட்டாம் வகுப்பு அ பிரிவுக்கு நான், ஆ பிரிவுக்கு அவள். அன்றைக்கு நானும் அதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். நான் கரும்பலகையில் அட்டவணை போட்டிருந்தேன். அவள் மேசைமேல் கரும்பு வெட்டுகிற கத்தி ஒன்றை வைத்திருந்தாள்.

"இது யாருடைய கத்தி?"

"ஜெயசுதா டீச்சர் வூட்டுக்காரரோட கத்தி" என்று வகுப்பே என் பேரைச் சொல்லிப் பாடியது.

"இதால என்ன செய்வாரு?"

"கத்தியால் கரும்பை வெட்டுவார்."

ஒருவனுடைய கை அவனைவிட்டுப் பிரியாது, அது தற்கிழமை. கத்தி இன்னொருவர் கைக்கும் போகும், அது பிறிதின் கிழமை என்று விளக்கியபடியே அதைத் தூக்கிக் காட்டினாள். நானும் வருஷா வருஷம் இதைச் சொல்கிறவள்தான். ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிற எங்கள் குடும்பத்தில், வெட்டு ஆட்கள் கரும்புக் கொல்லையில் இறங்கும் முன் முதல் கரும்பை வீட்டுக்காரர்தான் வெட்ட வேண்டும். அந்தக் கத்தியின் பிடிக்குப் பெண்டாட்டி தன் புடவையைக் கிழித்துத் துணி சுற்றிவிட வேண்டும். வெட்டிய முதல் கரும்பை அவள் கையில்தான் கொடுப்பார். கல்யாணமான வருஷம் என் மஞ்சள் புடவையில் கிழித்துச் சுற்றியதுதான் இத்தனை நாளும் அதில் இருந்தது. மற்றபடி கத்தியை யாரும் தொடக்கூடாது. ஒருதரம் தேங்காய் உடைக்கக் கேட்டேன். என் வீட்டுக்காரர் இளவரசன் பக்கத்து வீட்டில் போய் வேறு கத்தி இரவல் வாங்கி வந்தார். அப்பேர்ப்பட்ட மனுஷன், நேற்று வந்தவளுக்குச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவளே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, காலையில உங்கள எறக்கிவிட வந்தப்ப அண்ணன்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரத்துல கொண்டாந்துட்டாரு. தங்கமான மனுசன்."

அண்ணன் என்றால் ஆச்சா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போதுதான் அவள் மடியில் வைத்திருந்த கத்தியின் பிடியைப் பார்த்தேன். என் மஞ்சள் இல்லை. கிளிப்பச்சை. அவள் அன்றைக்குக் கட்டியிருந்த புதுப் புடவையும் அதே கிளிப்பச்சை.

"பழைய துணி நூல் நூலா பிரிஞ்சுபோயிருந்துச்சுக்கா. பசங்க கைய வெட்டிக்கப் போறாங்கன்னு பயமா இருந்துச்சு. ஜாக்கெட் தச்சது போக மிச்சத் துணி பையில கெடந்துச்சு, அத சுத்திட்டேன்."

"பழசு?"

"குப்பையில போட்டுட்டேன்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அவளை அறைய வேண்டும் போலிருந்தது. நல்ல வேளை, மணி அடித்தது.

விடிந்தால் முதல் வெட்டு. சாயந்திரம் அவளிடம் கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடம், பீரோவிலிருந்து எடுத்த என் ஊதாப் புடவையையும் கத்தரிக்கோலையும் நீட்டினேன்.

"அந்தத் துணிய அவுருங்க. நான் சுத்தித் தரேன்."

அவர் பிடியை ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். "நல்லாத்தானே கட்டிகீது. கை வழுக்கல. எதுக்கு ஒரு பொடவைய பாழாக்கிகினு?"

நல்லாத்தானே. அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு துணின்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"துணிதானே சுதா" என்று சொல்லிவிட்டுக் கத்தியை மாடத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். அவர் போன பிறகு நானே அவிழ்த்திருக்கலாம். கையை நீட்டினேன்தான். ஆனால் அவர் கேட்டு நான் சுற்ற வேண்டும். நானாகச் சுற்றினால் அதில் என்ன இருக்கிறது? ஊதாப் புடவையை மடித்துப் பீரோவிலேயே வைத்துவிட்டேன்.

காலையில் சந்தனக் கலர் புடவை கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வெட்டு ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் ஏற்றிய பிறகு அவர் கத்தியை எடுத்தார். என் ஓர்ப்படி பாப்பாத்தியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது, பிடியைக் காட்டிக் கேட்டாள்.

"இன்னா சுதா, இந்தக் கலர்ல உன்கிட்ட பொடவ பாத்ததே இல்லியே. யாருது?"

வெட்டு ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னோடதுதான். புதுசு" என்றேன்.

அவர் குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. என்னையும் பார்த்தார், பிடியையும் பார்த்தார். முந்தின நாள் சாயந்திரம் நான் நீட்டிய புடவை எதற்கென்று அப்போதுதான் உறைத்ததோ என்னவோ. பிறகு பனியில் நனைந்திருந்த கரும்புச் சோகையை விலக்கி, அடியோடு ஒரே வெட்டு. கரும்பு சாய்ந்தது. பழக்கத்தில் அதோடு நிறுத்தாமல் அந்தக் குத்திலிருந்த கரும்பு முழுவதையும் வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். முதல் கரும்பைத் தேடி எடுத்துத் தோகையைக் கழித்து என்னிடம் நீட்டினார்.

வாங்கும்போதுதான் பார்த்தேன். அவர் உள்ளங்கை முழுக்கப் பச்சை. துவைக்காத புதுத் துணி, பனியிலும் வேர்வையிலும் சாயம் இறங்கியிருந்தது. கரும்பிலும் அவருடைய ஐந்து விரலும் பச்சையாகப் பதிந்திருந்தன. அந்த இடத்தைத் தொடாமல் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

அவரும் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வேட்டியில் துடைக்கப் போனவர் நிறுத்திவிட்டு, இத்தனை பேர் பார்க்க, என் முந்தானையை இழுத்து விரல் விரலாகத் துடைத்தார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. சந்தனக் கலரில் பச்சை பரவிக்கொண்டே போனது.