பதினான்கு விநாடிக் கணக்கு

பல்லடத்துப் பிரைவேட் பஸ்காரர்களிடம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. பாண்டித்துரை ஓடி ஜெயித்தவன். ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ்ஸை விரட்டிப் பிடித்து, படியில் தொற்றிக்கொண்டு, கண்டக்டரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிடுவான். பின்னால் ஓடிவரும் மனைவி நாகஜோதிக்காக அந்த பஸ் நிற்கப்போவதில்லை என்பது மட்டும் பாதி நாள் அவனுக்கு மறந்துபோகும்.

இருவரும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பனியன் கம்பெனி ஒன்றில், பழனிமுத்து என்கிற காண்ட்ராக்டரின் கீழ், வரிசையாகத் தையல் மிஷின் போட்ட பவர் டேபிளில், பக்கத்துப் பக்கத்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைத்தார்கள். புது மாடல் வந்தால் பழனிமுத்து ஸ்டாப் வாட்ச்சை எடுத்துக்கொண்டு நேரே பாண்டித்துரையிடம்தான் வருவார். அவன் ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்துத் தள்ளுவான். அந்த நிமிடத்தை அறுபதால் பெருக்கி, ஒரு மணி நேரத்து டார்கெட் என்று பலகையில் எழுதிவிடுவார். அன்றைக்குப் பூராவும் டேபிளே அவனைச் சபிக்கும். அவனுக்கோ அது பாராட்டு மாதிரித்தான் கேட்கும்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருடக் கடைசி. அமெரிக்காவில் ஏதோ கவிழ்ந்துவிட்டது என்றார்கள், இங்கே ஆர்டர் இல்லாமல் வாரத்தில் பாதி நாள் மிஷின்களுக்கு உறை போட்டு மூடிவைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பாண்டித்துரைக்குப் போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எழுத்துத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாம் முறை தேறியிருந்தான். அடுத்த முறை என்ற பேச்சுக்கே இடமில்லை, வயது தாண்டிவிடும். முதல் நாளே ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். ஏழு நிமிடத்துக்குள் முடிக்காதவனை அங்கேயே கழித்துவிடுவார்கள்.

"இவ்வளவுதானா?" என்றான் பாண்டித்துரை. கம்பெனிக்கு முன்னால் நூறு மீட்டரை அளந்து, பழனிமுத்துவின் கையில் வாட்ச்சைக் கொடுத்து ஓடிக் காட்டினான். பதினான்கு விநாடி. ஆயிரத்து ஐந்நூறு என்றால் பதினைந்து நூறு. டேபிளே கூடி நின்று பெருக்கிப் பார்த்தது.

"கணக்குச் சரியாத்தானுங்க தம்பி இருக்குது," என்றார் பழனிமுத்து. "மூணரை நிமிசத்துல முடிச்சுப்போட்டு, மிச்ச நேரத்துல ஒரு டீயே குடிச்சுப்போடலாமுங்க."

மூன்றரை நிமிடத்தில் அந்தத் தூரத்தை ஓடுகிறவர்களை உலகம் பூராவும் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே மாலை போட்டு ஒலிம்பிக்ஸுக்கு வண்டி ஏற்றியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார்கள். நாகஜோதி வாட்ச்சோடு நின்றாள். முதல் அரைச் சுற்று பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. வாக்கிங் வந்த பெரிய மனிதர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஒரு சுற்று முடியும்போது அவன் வாய் திறந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் தொடைகள் ஈரத் துணி மாதிரி கனத்தன. மூன்றாவதில் வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குடித்த காபியைத் திருப்பிக் கொடுத்தான்.

"வாட்ச்ச நிறுத்தவா, ஓடட்டுமா?" என்றாள் நாகஜோதி. அவள் அவனுடைய மாமன் மகள். அவர்களுக்குள் மரியாதையெல்லாம் கிடையாது.

"காபி குடிச்சிருக்கக் கூடாதுடி."

மறுநாள் காபி குடிக்கவில்லை. அதே வேலியோரம். அதற்கடுத்த நாள் ஷூ சரியில்லை என்றான். அதற்கும் மறுநாள் பனி. வேகம் போதவில்லை என்று அவனே முடிவுகட்டி, இன்னும் வேகமாகக் கிளம்பி, இன்னும் சீக்கிரம் விழுந்தான்.

ஐந்தாம் நாள் திரும்பி வரும் வழியில் நாகஜோதி கேட்டாள். "மச்சான், ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்கிறாத. ஒன்ன வச்சுப் பலகையில டார்கெட் எழுதுறாருல்ல, அத நீ என்னைக்காச்சும் ஒரு நா முழுக்க எடுத்துருக்கியா?"

பாண்டித்துரை ஒரு நாளும் எடுத்ததில்லை. அது அவனுக்குத் தெரியும். முதல் ஒரு மணி நேரம் அவன்தான் ராஜா. அதற்குப் பிறகு ஊசி உடையும், நூல் அறும், தண்ணீர் குடிக்க எழுந்து போவான். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நாகஜோதி தைத்த கட்டுக்கும் அவன் கட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு நிமிடத்தைக் காட்டிவிட்டு நாள் முழுக்க இதுதான் நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. டேபிளில் இருக்கிற இருபது பேரும் தினமும் அந்தப் பொய்யின் பின்னால் ஓடியதை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"எனக்கென்ன தெரியும்? மெதுவா ஓடிப் பாரு. நானும் கூட வாரேன். பேசிக்கிட்டே ஓடணும். பேச்சு நின்னுச்சுன்னா வேகத்தக் கொறச்சுரு."

மறுநாளிலிருந்து சுடிதார்மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவளும் ஓடினாள். அவனுக்கு மானம் போயிற்று. பொண்டாட்டி வேகத்துக்கு ஓடுகிற போலீஸ்காரன் என்று வாக்கிங்காரர்கள் சிரிப்பதாகவே தோன்றியது. ஆனால் வாடகை, கொழுந்தியாள் கல்யாணம், ஒழுகுகிற கூரை என்று சண்டை போட்டுக்கொண்டே இரண்டு சுற்று முடிந்திருந்தது, மூச்சும் மிச்சமிருந்தது. அவள் நின்றுகொள்ள, மிச்சத்தை அவன் தனியாக ஓடினான். அன்றுதான் முதல் முறையாக முழுத் தூரத்தையும் முடித்தான். ஒன்பது நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகு அவன் ஒரு நாளையும் விடவில்லை. கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சளி பிடித்தாலும், முட்டி வீங்கினாலும் ஓடினான். ஒன்பது எட்டாகியது. எட்டு ஏழரையாகக் குறைந்து, அங்கேயே பிடிவாதமாக நின்றது. இடையில் ஒரு நாள் பழனிமுத்து வாட்ச்சோடு வந்தபோது, "ஒரு நிமிசம் வேணாங்கண்ணே, மத்தியானத்துக்கு மேல ஒரு மணி நேரம் உட்காந்து பாத்து எழுதுங்க," என்றான். பழனிமுத்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஒடம்புக்கு ஒன்னுமில்லீங்களே?" என்று கேட்டுவிட்டு வேறு மிஷினைத் தேடிப் போனார். தேர்வுக்கு முந்தின வாரம் ஏழு நிமிடத்தை உரசிப் பார்த்தான், ஆனால் உள்ளே போனதில்லை, ஒரு முறைகூட.

கோயம்புத்தூர் மைதானத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தேறாதவர்களை உடனுக்குடன் பக்கவாட்டு கேட் வழியாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவர்களெல்லாம் அந்தக் கம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாகஜோதியும் அங்கேதான் நின்றாள்.

விசில் ஊதியதும் அவனோடு நின்ற இருபது பையன்களும் சிட்டாகப் பறந்தார்கள். பாண்டித்துரை கடைசி ஆளாக ஓடினான். வேகமாக ஓடவிடச் சொல்லி அவன் கால்கள் கெஞ்சின. நூறு மீட்டரில் இவர்கள் ஒருவன்கூடத் தன் பக்கத்தில் வர முடியாது என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஏய் கடைசி! பொண்ணு பாக்கவா வந்த?" என்று ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ஓடுவதைவிட ஓடாமல் பிடித்துவைப்பதுதான் பெரிய வதை என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. உள்ளுக்குள்ளேயே நாகஜோதியிடம் பேசினான். கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினான்.

இரண்டாம் சுற்றில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் இரண்டு பேர். மூன்றாம் சுற்றில் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அவன் வேகம் கூட்டவில்லை, அவர்கள்தான் குறைந்துகொண்டிருந்தார்கள். நெஞ்சு எரிந்தது. பஞ்சுத் தூசி தின்ற நுரையீரல் விசிலடித்தது.

முந்நூறு மீட்டர் பாக்கி இருக்கும்போது ஒலிபெருக்கி "ஆறு நிமிடம்" என்றது.

ஒரே ஒரு நிமிடம். அதைப் பெருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. பிடித்துவைத்திருந்த அத்தனையையும் அவன் அவிழ்த்துவிட்டான். கை போன போக்கில் போனது, கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை, கண்ணில் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. கோட்டைத் தாண்டி விழுந்தவன், முகத்தில் மண்ணோடு படுத்துக்கொண்டே அடுத்த விசிலைக் கேட்டான். நேரம் முடிந்ததற்கான விசில் அது. தான் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஊதினார்கள் என்பது புரிய அவனுக்குச் சற்று நேரம் ஆனது.

"எந்திரிடா, உள்ள போய் நெழல்ல உட்காரு," என்றார் அதே போலீஸ்காரர்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது பக்கவாட்டு கேட் தெரிந்தது. அவனோடு ஓடித் தேறாத பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். எக்கி எக்கிப் பார்த்தாள். கத்திக் கூப்பிட அவனுக்குத் தொண்டையில் மூச்சில்லை. கடைசிப் பையனும் போய், கேட்டைச் சாத்தினார்கள். வெளியே வந்தவர்களில் புருஷன் இல்லை என்பதை இன்னொரு முறை நிச்சயம் செய்துகொண்டு, அவள் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.