ஐந்நூறு எழுத்துக்கு அப்பால் ஒரு ‘ஆனால்’

எனக்குக் கருத்து இல்லாத விஷயம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. சலவை இயந்திரம் வேலை முடிந்ததும் ஏன் பாட்டுப் பாட வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து உண்டு. பேருந்து அட்டையை ஏறும்போது தேய்க்க வேண்டுமா, இறங்கும்போதா என்பதில் இரண்டு கருத்து உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது, இரண்டையுமே என் வலைப்பூவில் எழுதியிருக்கிறேன். பதினொரு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் கட்டுரைகள். வாசகர்கள் முப்பத்தேழு பேர். அதில் மூன்று பேர் நானேதான், வேறு வேறு கைப்பேசியிலிருந்து.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. மிக்சி, ஃபேன் எது வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் பாருங்கள், ‘பயன்படுத்தும் முன் முழுவதும் படிக்கவும்’ என்று ஆரம்பிக்குமே, அதை எழுதுகிறவன் நான். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, எங்கள் மேலாளரே படித்ததில்லை. பகலெல்லாம் யாரும் படிக்காததை எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் யாரும் கேட்காததை எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி அத்தான் சொல்வார். எனக்கு ‘கருத்து’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவர் என் அக்காவின் கணவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாகத்தான் வரும், கிண்டல் மட்டும் பழைய வேகத்தில் வரும்.

அக்காவுக்கு நகராட்சிக் கிளை அலுவலகத்தில் மூன்றாம் எண் கவுன்ட்டர். மனு வாங்குவதுதான் வேலை. அங்கிருந்து வீடு ஏழு நிமிட நடை. மதியம் ஒரு மணிக்குக் கவுன்ட்டரைச் சாத்திவிட்டு ஓடுவாள். அத்தானுக்குச் சாப்பாடு ஊட்டி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், படுக்க வைத்து, ஒன்றே முக்காலுக்குத் திரும்பவும் வந்து உட்கார்ந்திருப்பாள். அந்த ஏழு நிமிடத்தை நம்பித்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அதில்தான் மண் விழப் பார்த்தது. ‘இனி எல்லாச் சேவையும் கைப்பேசி வழியே’ என்று ஒரு வரைவுத் திட்டம் வந்தது. கிளை அலுவலகக் கவுன்ட்டர்கள் எல்லாம் மூடப்படும், ஊழியர்கள் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் புதிய மையத்துக்கு மாற்றப்படுவார்கள். இரண்டு பேருந்து மாறி, போக மட்டும் ஒன்றரை மணி நேரம். அக்கா ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை அத்தானை விட வேண்டும். பொதுமக்கள் முப்பது நாளுக்குள் இணையதளத்தில் கருத்துச் சொல்லலாம் என்று கீழே போட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள்.

“நாங்க வாயே திறக்கக் கூடாதாம், சுற்றறிக்கை வந்திருக்கு. நீதான் ஊருக்கெல்லாம் கருத்து சொல்றியே. எங்களுக்காக ஒரு நாலு வரி எழுதிப் போடுடா. நாலே வரி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வருடத்தில் என்னிடம் கருத்துக் கேட்ட முதல் ஆள், அதுவும் சொந்த அக்கா! வேலைக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டேன். ஒன்பது நாள் எழுதினேன். எனக்கென்று ஒரு பாணி உண்டு. எதிராளி சொல்வதை முதலில் அவனைவிட அழகாக நானே சொல்லிவிடுவேன். அவன் மயங்கி நிற்கும்போது ‘ஆனால்’ என்று ஒரு போடு போடுவேன். அதற்கப்புறம் அவன் எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பாணியில் இப்படி ஆரம்பித்தேன்: ‘வரிசையும் காகிதமும் இல்லாத அரசு அலுவலகம் என் நெடுநாள் கனவு. கவுன்ட்டர்கள் நேற்றைய உலகின் மிச்சம். இத்திட்டத்தை வரவேற்காமல் எவரால் இருக்க முடியும்?’ இன்னும் நாலைந்து வாக்கியம் புகழ்ந்துவிட்டு ஒரு பெரிய ‘ஆனால்’. பிறகு பதினாலு பக்கத்துக்கு வெளுத்து வாங்கியிருந்தேன். மொத்தத்தையும் நகல் எடுத்து இணையதளத்தின் பெட்டியில் ஒட்டி, அனுப்பினேன். ரசீது எண் வந்தது. அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தேன்.

பெட்டிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு குறிப்பு இருந்தது. நான் படிக்கவில்லை.

“போட்டுட்டியா? நாலு வரிதானே?” என்று அக்கா கேட்டாள்.

“கொஞ்சம் கூட.”

“எவ்வளவு கூட?”

“அடிக்குறிப்பு இல்லாம பதினாலு பக்கம்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தான் கட்டிலில் படுத்தபடி பாதி வாயால் சிரித்தார். “திட்டத்தை... தூங்க வச்சே... கொன்னுடுவான்.”

ஒன்றரை மாதம் கழித்து, காலை பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள். “சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி ஆபீசுக்கு வா” என்றாள். பேச்சில் ஒரு ‘டா’ கூட இல்லை. அக்கா ‘டா’வை எடுத்துவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். மேலாளரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் எண் கவுன்ட்டரில் கண்ணாடிக்குக் கீழே அரைவட்டமாக ஓர் ஓட்டை. பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. அந்தப் பேனாவை வைத்தே நூலின் நீளம் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அக்கா ஓட்டை வழியாக ஒரு தடித்த அறிக்கையை வெளியே தள்ளினாள்.

“ஆறாம் பக்கம்.”

மக்கள் கருத்துக் கேட்பின் முடிவு: எண்பத்தொரு சதவீதம் பேர் ஆதரவு. அதற்குக் கீழே கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு மேற்கோள்: ‘கவுன்ட்டர்கள் நேற்றைய உலகின் மிச்சம். இத்திட்டத்தை வரவேற்காமல் எவரால் இருக்க முடியும்?’ சொன்னவர், தொழில்நுட்ப எழுத்தாளர் ஒருவர். அடைப்புக்குள் ரசீது எண்.

“இது உன் நம்பர்தானே? ஃப்ரிட்ஜ்ல பார்த்த ஞாபகம்.”

என் முகத்தில் ஈயாடவில்லை. முதல்முறையாக அச்சில் வந்திருக்கிறேன், அதுவும் கொட்டை எழுத்தில். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, உள்ளே சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

“இது சதிக்கா” என்றேன்.

“யாருக்கு எதிரா? உனக்கா? உனக்கு எதிரா சதி பண்ற அளவுக்கு நீ என்னடா பெரிய ஆளு?”

‘டா’ திரும்பி வந்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது. அறிக்கையின் பின்பக்கம் எல்லாருடைய கருத்துகளையும் வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். அக்கா என்னுடையதைத் தேடி எடுத்தாள். பதினாலு பக்கம் எழுதியவனுக்கு ஒரே ஒரு பத்தி இருந்தது. ‘இது காலத்தின் கட்டா’ என்று அந்தரத்தில் நின்றது. ‘கட்டாயம்’ என்பதில் பாதியைக் காணோம். கைப்பேசியை எடுத்து அந்த இணையதளத்தைத் திறந்தேன். சாம்பல் நிறப் பொடி எழுத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ‘ஐந்நூறு எழுத்துகளுக்கு மேற்பட்டவை ஏற்கப்படா.’ எண்ணிப் பார்த்தேன். என் ‘ஆனால்’ ஐந்நூற்றுப் பதினோராவது எழுத்தில் ஆரம்பித்திருந்தது. முழுவதும் படிக்கவும் என்று ஊருக்கெல்லாம் எழுதிச் சம்பளம் வாங்குகிற நான் ஒரே ஒரு வரியைப் படிக்கவில்லை.

அக்கா அதற்குள் மற்றவர்களின் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் கடைசி வரியை மட்டும் விரலால் தொட்டாள். விரல் வேகமாகப் போயிற்று.

“நீ மட்டும் இல்லைடா. இங்க பாரு. இது பாதியில நிக்குது. இதுவும். இதுவும்.”

“ஆரம்பத்துல எல்லாரும் பாராட்டித்தானேக்கா இருக்காங்க?”

“இருபத்திரெண்டு வருஷமா மனு வாங்கறேன். ஒண்ணைக்கூட நான் மேலேர்ந்து படிச்சதில்லை. மேல இருக்கறதெல்லாம் கும்பிடு. ‘உயர்திரு ஐயா அவர்களே, தங்கள் மேலான முயற்சி’ன்னு அரைப் பக்கம் போகும். தண்ணி வரலைங்கறது கடைசி ரெண்டு வரியிலதான் இருக்கும். நான் கீழேர்ந்துதான் படிப்பேன்.” ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். “இது பின்தெரு தையல்காரம்மா. மககிட்ட சொல்லி ஃபோன்ல அடிக்கச் சொன்னேன்னு எங்கிட்டயே சொன்னாங்க. கவுன்ட்டரை மூடினா நான் எங்கம்மா போவேன்னு அழுதவங்க. இவங்க ஆதரவாம்! கும்பிட்டதை எண்ணி வச்சிருக்காங்கடா, கேட்டதை விட்டுட்டாங்க.”

சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தவள் திடுக்கிட்டு எழுந்தாள். ஒன்று இருபது. பையை அள்ளிக்கொண்டு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே சொன்னாள்.

“நாளன்னைக்குக் கூட்டம் இருக்கு, மக்கள் யார் வேணும்னாலும் பேசலாம். நீ போய்ச் சொல்லு.”

“என்னன்னு?”

“எவ்வளவு கொள்ளும்னு பார்க்காம எழுதினேன், பாதி போச்சு, எல்லாரோடதும் அப்படித்தான் போயிருக்குன்னு.”

“அதைக் கொஞ்சம் வேற மாதிரி...” வலைப்பூவுக்கு ‘ஜனநாயகத்தின் கழுத்தில் கத்தரிக்கோல்’ என்று தலைப்புகூட யோசித்து வைத்துவிட்டேன். கத்தரிக்கோலைப் பற்றி எழுதினால் நான் முட்டாள் என்பது வெளியே தெரியாது.

“வேற மாதிரி சொல்லாதே” என்றாள்.

வீட்டுக்குள் போனோம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பசி தாங்காமல் இடது கையால் தானே எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். சட்டை, மடி, தரை எல்லாம் சிந்தியிருந்தது. தட்டில் மிச்சம் பாதி. எங்களைப் பார்த்ததும் அந்த மனிதர் கிண்டல் எதுவும் செய்யவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா துணியை நனைத்துத் துடைத்தாள். இருபது நிமிடம் பிந்தியதற்கே இந்த நிலைமை. எனக்கு அங்கே நிற்கவே அவமானமாக இருந்தது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்ததும் மணி அடிப்பார்கள். தலைமை வகித்த அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். பக்கத்தில் மடிக்கணினியுடன் இணையதளப் பொறியாளர். என் முறை வந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

“அனைவருக்கும் வணக்கம். இந்த அரிய வாய்ப்பை நல்கிய நகராட்சிக் குழுவுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. ஒளிமயமான எதிர்காலத்தை நோக்கி நாம் எடுத்து வைக்கும்...”

பழக்கதோஷம். ஒன்றரை நிமிடம் போய்விட்டது. அரங்கத்தின் கடைசியில், கதவோரம், அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா நின்றுகொண்டிருந்தாள். சுற்றறிக்கை இருப்பதால் அவளால் வாய் திறக்க முடியாது. கையை மட்டும் தூக்கி, விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள். கடைசியிலிருந்து சொல்லு என்று அர்த்தம்.

“கவுன்ட்டரை மூடாதீங்க” என்றேன். “உங்க அறிக்கையில ஆறாம் பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கீங்களே, அந்த எழுத்தாளர் நான்தான். நான் எழுதினது எதிர்ப்பு. பெட்டியில ஐந்நூறு எழுத்துதான் கொள்ளும்னு போட்டிருக்கு, நான் படிக்கலை. மிச்சத்தை வெட்டிட்டு, வெட்டினேன்னுகூடச் சொல்லாம ரசீது குடுத்துடுச்சு. என் வேலையே, படிச்சிட்டுப் பயன்படுத்துங்கன்னு புத்தகம் எழுதறதுதான்.”

அரங்கமே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் அசடு வழிய நின்றேன். அப்போது முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். தையல்காரம்மா.

“என்னோடதும் பாதியிலதாங்க நிக்குது. நான் மூடச் சொல்லலைங்க.”

சிரிப்பு நின்றது. இன்னொருவர் எழுந்தார், பிறகு நாலைந்து பேர். தலைவி பொறியாளர் பக்கம் திரும்பி, “சரியா ஐந்நூறு எழுத்துல முடியறது எத்தனை?” என்று கேட்டார். அவர் தட்டினார், மறுபடி தட்டினார், தண்ணீர் குடித்தார்.

“அறுநூத்தி நாப்பதுல... நானூத்திப் பதினெட்டு மேடம்.”

மணி அடிக்க வேண்டியவர் அடிக்கவே மறந்துவிட்டார்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். இன்னும் ஒரு மாதம் கருத்துச் சொல்லலாம், காகிதத்திலும் தரலாம் என்றார்கள். எங்கே தருவது? மூன்றாம் எண் கவுன்ட்டரில்தான். வரிசை தெரு முனை வரை நின்றது. அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, கடைசி இரண்டு வரியைப் பார்த்து, முத்திரை குத்திப் போட்டாள். சனிக்கிழமைகளில் நான் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அக்காவின் உத்தரவு: ஆளுக்கு நாலு வரி, ஐந்தாவது வரி எழுதினால் கையை ஒடிப்பேன். போன வாரம் திருத்திய திட்டம் வந்தது. கைப்பேசியும் இருக்கும், கவுன்ட்டரும் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு அக்கா வழக்கம்போல் வீட்டுக்கு ஓடுகிறாள்.

அரங்கம் நிறைய ஆட்களுக்கு முன்னால் நான் முட்டாள் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. நேரில் ஆரம்பித்தால் முன்னுரை வந்துவிடுகிறது. அதனால் இதை எழுதினேன். அச்செடுத்து அவளிடம் கொடுக்கப் போகிறேன். சலவை இயந்திரம், பேருந்து அட்டை, என் பாணி எதையும் அவள் படிக்கப் போவதில்லை. நேராகக் கடைசிக்குத்தான் வருவாள்.

அக்கா, தப்பு என்னோடதுதான். அத்தான் சட்டையில சிந்தினதுக்கும் சேர்த்து என்னை மன்னிச்சிரு. நீ நாலு வரிதான் கேட்டே. எழுதிட்டேன்.