தலையால் அடித்தவர்

கொரியக்காரர் நாம் கி-தே பந்துக்குத் துள்ளியதைக் கண்டதும் கீதன் ஓடுவதை நிறுத்திவிட்டான். ஏனென்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. கனடாவில், அஜின்கோர்ட்டின் அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கோடைகளாக அவர் கீதன் போன்ற தமிழ்ப் பெடியன்களுக்குப் பந்து பழக்குகிறார். ஒருநாளும் துள்ளியதில்லை. உயரத்தில் பந்து வந்தால் ஓரடி விலகிக்கொள்வார். கொரியாவில் தொழில்முறை லீக் தொடங்கிய காலத்தில், தலையால் கோல் அடிப்பதற்கென்றே பெயர் எடுத்த முன்கள வீரர் அவர். முழங்கால் பழுதானதால் விளையாட்டை விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்து கடை போட்டதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு பின்னேரம், வலப்பக்கத்திலிருந்து வந்த பந்துக்கு அவர் எழும்பினார். நாற்பதைக் கடந்த உடம்பு ஒரு கணம் காற்றில் நின்றது. பந்தைக் குத்தவென்று கோல்காப்பாளன் சீமோன் நீட்டிய முட்டி, அவருடைய இடது நெற்றிப்பொட்டில் விழுந்தது.

விழுந்தவர் தானாகவே எழுந்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஏன்ரா கையை வீசினனி?" அணியை நடத்துகிற இராஜரட்ணம் கத்தினார்.

"பந்தைத்தான் அண்ணை குத்தினனான்."

"பந்து அவற்ற காதுக்குள்ளையே இருந்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தார். நாம் என்பது அவருடைய குடும்பப் பெயர். 'ஐ ஆம் நாம்' என்று முதல்நாள் அவர் கைகொடுத்தபோது, "அப்ப நாங்கள் ஆர்?" என்று இராஜரட்ணம் கேட்டது இன்றைக்கும் அணியில் பகிடி.

விளையாட்டு தொடர்ந்தது. அடிபட்டவர் கொஞ்சநேரம் ஓடினார். பிறகு எவரிடமும் சொல்லாமல் கோட்டைத் தாண்டிப் போய், இராஜரட்ணத்தின் வானுக்குள் முன்சீட்டில் சாய்ந்துகொண்டார். தண்ணீர் கொண்டுபோன கீதனுக்கு அவர் முணுமுணுப்பது கேட்டது.

"அப்பா... அப்பா..."

கீதன் கூப்பிட, இராஜரட்ணம் வந்து எட்டிப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விடடா. தேப்பனை நினைச்சு அழுறார். போன மாசம் செத்தவர், பாவம். செத்தவீட்டுக்கும் போகேல்லை. கடையை ஆர் பாக்கிறது?"

கொரியர்களும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அணி முழுவதற்கும் தெரியும். அவருடைய கடையில் உள்ளேயிருந்து மகள் "அப்பா!" என்று கூவ, பால் வாங்க நின்ற இராஜரட்ணம் "என்ன பிள்ளை?" என்று திரும்பியவர். அன்றிலிருந்து நாம் அவர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி.

"நீ கிட்ட இரு," என்றார் இராஜரட்ணம். "நீதான் வாய் திறக்காதவன். அழட்டும்."

கீதன் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மௌனம் அவனுக்குப் பழகியது. மற்றவர்கள் சங்கடப்படுகிற இடத்தில் அவன் சும்மா இருப்பான். ஆனால் பதுங்குகுழியில் வளர்ந்தவனுக்கு மௌனத்தில் இரண்டு வகை தெரியும். ஒன்று அழுகை ஓய்ந்த பிறகு வருவது. மற்றது, ஷெல் கிளம்பிவிட்டது, இன்னும் விழவில்லை என்கிற மௌனம். வானுக்குள் இருந்தது இரண்டாவது.

அவர் அழவில்லை. அதை அவன் மெதுவாகத்தான் கவனித்தான். கண்ணில் ஈரமே இல்லை. வலது கை சீட் பெல்ட்டைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் மடியில் விழுந்தது.

"வீட்டுக்குப் போவோமா?" ஆங்கிலத்தில் கேட்டான்.

அவர் அவனைப் பார்த்தார். ஆள் யாரென்று அடையாளம் தேடுகிற பார்வை. "அப்பா," என்றார்.

கீதன் இறங்கி ஓடினான். மைதானத்துக்கு எதிரே, பெற்றோல் நிலையத்தின் ஓரத்தில் காசு போடும் தொலைபேசி இருந்தது. கடை இலக்கம் மனப்பாடம். எடுத்தவர் நாமின் மனைவி சுன்-ஹி. விழுந்ததைச் சொன்னான். தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நீங்கள் வந்தால் நல்லது என்றான்.

"எப்படிக் கூப்பிடுகிறார்?"

"அப்பா என்று."

"இல்லை. அது குழந்தைகள் சொல்வது. அவர் தன் தகப்பனை அபொஜி என்றுதான் சொல்வார்." அவளுடைய ஆங்கிலம் தடுமாறியது. "அவர் சொன்ன மாதிரியே சொல். அதே மாதிரி."

கீதன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் காதுக்குள் தேடினான். 'ப' அவ்வளவு அழுத்தமில்லை. அதன் பின்னால் ஒரு மூச்சு இருந்தது. விம்மல் என்று நினைத்த மூச்சு. அந்த மூச்சோடு சொன்னான்.

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்து உடைந்தது.

"அது தகப்பன் இல்லை! வலிக்கிறது! வலிக்கிறது என்று சொல்கிறார்!"

அவசர உதவி இலக்கம் 911-ஐ அழுத்தும்போது அவன் விரல் இரண்டு தரம் தவறியது. திரும்பி ஓடிவந்தபோது வானைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நாமின் தலை கண்ணாடியில் சரிந்திருந்தது. சீமோன் தன் வலக்கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, நான் பந்தைத்தான், நான் பந்தைத்தான்," என்றான்.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் தேங்குகிறது என்றார் ஆஸ்பத்திரி வைத்தியர். உடனே திறக்க வேண்டும். பிழைப்பாரா என்று சுன்-ஹி கேட்டாள். செய்து பார்ப்போம் என்றார். கதவு மூடியது.

காத்திருக்கும் அறையில் கீதனும் அவளும் ஒரு கதிரை இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவர் விளையாட்டை விட்டது முழங்காலால் இல்லை," என்றாள் திடீரென்று. "முழங்காலில் ஒன்றும் இல்லை. கடைசி சீசனில் இரண்டு தரம் மைதானத்தில் மயங்கி விழுந்தார். இரண்டும் தலையால் அடித்த பிறகு. அதன்பின் பந்து மேலே வந்தால் விலகிவிடுவார். எல்லோரும் கோழை என்பார்களே என்று முழங்கால் என்றோம். பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. அவருடைய தகப்பனுக்கும் அப்படித்தான் சொன்னோம். தகப்பன் அதை நம்பவில்லை. சாகும்வரை மகனோடு பந்து பற்றிப் பேசவில்லை."

கீதன் தரையைப் பார்த்தான். உயர்ந்து வரும் பந்துக்கு ஓரடி விலகும் மனிதரை நினைத்தான். ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பயத்தோடு அவர் மைதானத்துக்கு வந்திருக்கிறார். இன்றைக்கு அதை எதிர்த்துத் துள்ளியிருக்கிறார். யாருக்குக் காட்ட? போன மாதம் செத்துப்போனவருக்கா?

அறுவைச் சிகிச்சை முடிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். சுன்-ஹி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

தலை முழுவதும் வெள்ளைத் துணி. கண் திறந்திருந்தது. மனைவியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஏதோ சொன்னார். நீளமாக, நிதானமாக, நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்பதுபோல முடித்தார். கீதன் சிரித்துவிட்டான். ஆள் திரும்பி வந்துவிட்டார்.

ஆனாலும் ஒரு சொல்லைக்கூடத் தானாக ஊகிக்க அவனுக்கு இப்போது பயமாக இருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டான்.

சுன்-ஹி திரும்பவில்லை. கணவரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியவில்லை," என்றாள். "இது கொரிய மொழி இல்லை. எந்த மொழியும் இல்லை."

அவர் மறுபடி பேசினார். பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் அவருடைய கையை எடுத்துக்கொண்டு, விளங்கியவள்போல, ஓம் என்று தலையை ஆட்டினாள்.