திருப்பிக் கொடுத்த பந்து

சில்வானோ பெத்தினாரி இருபது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடினார். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை. நடுக்களத்தில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை அப்படி. எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் நல்ல ஆட்டக்காரனிடம் கொடுக்க வேண்டும், மறுபடி பிடுங்கப் போக வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசிவரை உட்காராத ஆள் ஒருவர் இருப்பாரே, அவர் மாதிரி.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை அணி நாலு கோல் முன்னால் இருந்தபோது கேப்டன் பாவம் பார்த்து பெனால்டியை அவருக்குக் கொடுத்தார். பந்து கம்பத்தில் பட்டு, திரும்பி வந்து, அவர் வயிற்றிலேயே பட்டது. இன்னொரு முறை நிஜமாகவே அடித்தார், வலைக்குள் போனது, எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். மறுநாள் பேப்பரில், எதிரணி டிஃபென்டரின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போனது, ஆகவே அது அவனுடைய சேம்சைடு கோல் என்று போட்டிருந்தது. அந்த டிஃபென்டரே பேப்பர் ஆபீசுக்கு போன் செய்து, தன் முதுகில் எதுவும் படவில்லை என்று சத்தியம் செய்தான். அவன் சத்தியத்தை யார் மதித்தார்கள்?

வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை. பெரிய கிளப் கேட்டதில்லை, தேசிய அணியைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. ஒரே ஒரு கோல் வேண்டும், அது தன்னுடையது என்று யாரும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினோரு கிளப் மாறி, முப்பத்தாறு வயதில் மொந்தேகார்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டுக்கொண்டிருந்தன. அந்த மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார்.

கடைசி ஆட்டம் காஸ்தெல்ஃபோஸ்கோவுடன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர், அவர் மனைவி லொரேதானா பிறந்த ஊர். அந்த அணியின் கோல்கீப்பர் கொர்ராதோ லொரேதானாவின் தம்பி.

இரண்டு அணிகளும் பட்டியலின் அடியில், ஒரே புள்ளிகளோடு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. டிரா ஆனால் இரண்டு ஊரும் தப்பிக்கும், தன் ஆட்டங்களை முடித்துவிட்டு அவர்களை ஒட்டியே நிற்கிற, மலைக்கு அப்பால் இருக்கிற வால்தோர்சோ கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். ஒருவர் தோற்றால் தோற்றவர் இறங்குவார், வால்தோர்சோ தப்பிக்கும். இதற்குக் கீழே இருப்பது சம்பளமில்லாத ஆட்டம். இறங்கினால் கொர்ராதோ பழைய செருப்பு ஃபாக்டரிக்குத் திரும்பி சோல் ஒட்ட வேண்டியதுதான்.

இப்படி இரண்டு பேருக்கும் தோதான டிராவுக்கு எங்கள் பக்கம் பிஸ்கட் என்று பெயர். யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள், எதுவும் கைமாறாது. சும்மா நடக்கும். பேசினால் குற்றம். பேசாமலே எல்லோருக்கும் ஒரே எண்ணம் வந்தால் அதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை?

புதன்கிழமை ராத்திரி மாமியார் வீட்டில் சாப்பாடு. மாமியார் லசான்யாவை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை என்னடா ஆகும்?"

"நல்ல வெயிலா இருக்கும்மா," என்றான் கொர்ராதோ.

சில்வானோ தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் லொரேதானா சொன்னாள்: "உங்க மூஞ்சியே சரியில்ல. ஞாயித்துக்கிழமை எதையாவது அடிச்சுத் தொலைச்சிராதீங்க."

"இருபது வருஷமா அடிக்காதவன் இப்பவா அடிக்கப் போறேன்?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொர்ராதோ சொன்ன மாதிரியே இருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் கலந்தே உட்கார்ந்து பன்றி வறுவலும் ரொட்டியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மற்ற வருஷங்களில் இதே இடத்தில் பங்கு போட்டுக்கொண்டது செருப்படி. ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். அவரை எல்லோரும் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், மொத்த இத்தாலியிலும் அப்படித்தான்.

"எப்பவும் போல ஆடுங்க," என்றார் மிஸ்டர். "ஆனா வேர்க்க வேண்டாம். வேர்த்தா சளி பிடிக்கும்."

யாருக்கும் வேர்க்கவில்லை. பந்து டிஃபென்டர்களுக்குள்ளேயே கைமாறியது. இடையில் புகுந்து பிடுங்குவதற்கு எதுவும் இல்லை, சில்வானோவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வேலையே இல்லாமல் போனது. அவர் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு கட்டத்தில் காஸ்தெல்ஃபோஸ்கோக்காரன் ஒருவன் மரியாதைக்கு அவரிடமே பந்தைக் கொடுத்தான். அவரும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது எதிரணியில் ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டான். அவர்களே பந்தை வெளியே உதைத்து, அவனைத் தூக்கிவிட்டார்கள். இப்படி வெளியே போட்ட பந்தை எதிரணிக்கே திருப்பித் தந்துவிடுவதுதான் மைதானத்து நாகரிகம். மொந்தேகார்ரோ த்ரோ போட்டது, சில்வானோவிடம் வந்தது. கொர்ராதோ அதை வாங்கிக்கொள்ள, பெனால்டி பெட்டியின் கோட்டைத் தாண்டி வெளியே நடந்து வந்தான். வரும்போதே கையுறையைச் சரிசெய்துகொண்டு வந்தான்.

அவனுக்குப் பின்னால் கோல் காலியாக இருந்தது.

பின்னால் சில்வானோ, கால் தானாக ஆடிவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தார். பொய். யோசிக்க அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. லொரேதானாவை நினைத்தார், மாமியாரை நினைத்தார், சோல் ஒட்டுகிற மேஜையைக்கூட நினைத்தார். இருபது வருஷத்தில் காலியான ஒரு கோலை அவர் பார்த்ததே இல்லை என்பதையும் நினைத்தார். பிறகு, பாதத்தைப் பந்துக்கு அடியில் கொடுத்து, மெதுவாகத் தூக்கினார். பந்து கொர்ராதோவின் தலைக்கு மேலே ஏறியது, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கியது, ஒரே ஒரு முறை தரையில் குதித்து வலைக்குள் போனது.

மைதானத்தில் சாப்பிடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. ரெஃப்ரி வேறு வழியில்லாமல் நடுப்புள்ளியைக் காட்டினார். யாரும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை. சில்வானோ அங்கேயே நின்றார். சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை, அந்த மனுஷருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"மாமா," என்றான் கொர்ராதோ. "என்ன மாமா இது?"

கேப்டன் சேனோ சில்வானோவின் பக்கத்தில் வந்து, ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் குனிந்தான்.

"அடிச்சாச்சா?"

"ம்."

"மனசு ஆறிடுச்சா?"

"ம்."

"சரி. இப்ப எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க. அவனுங்க ஒண்ணு போட்டுக்கட்டும்."

ஒதுங்கினார்கள். அப்படி ஒதுங்கி வழிவிட்டதை ஊர்வலத்துக்குக்கூட எங்கள் ஊரில் பார்த்ததில்லை. மொந்தேகார்ரோ கோல்கீப்பர் ஒரு கம்பத்தின் பெயின்ட் எப்படியிருக்கிறது என்று ஆராயப் போய்விட்டான். ஆனால் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள். காஸ்தெல்ஃபோஸ்கோவுக்குக் கோல் அடிக்கத் தெரிந்திருந்தால் அவர்கள் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு ஆறடி தூரத்திலிருந்து வானத்துக்கு உதைத்தான். இன்னொருவன் காலியான கோலுக்கு முன்னால் தன் காலே தடுக்கி விழுந்தான். மூன்றாமவன் ஆஃப்சைடில் போய் நின்றான், அவனைத் தடுக்க ஒருத்தரும் இல்லாதபோதே.

"அடிங்கடா," என்று சேனோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "இதுக்கு மேல நான் மாலை போட்டா கூப்பிட முடியும்?"

ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் உதைத்த கடைசிப் பந்தும் எதன்மேலோ பட்டு, உருண்டு, சில்வானோவின் காலடியில் வந்து நின்றது. எதிரே அவருடைய சொந்த கோல். பந்தை வெளியே தட்டிவிட்டால் போதும், ஆட்டம் முடிந்தது. அவருடைய ஒரே கோல், ஜெயித்த கோலாக, என்றைக்கும் அவருடையதாக இருக்கும். அவர் நிமிர்ந்து மைதானத்தின் மறுமுனையைப் பார்த்தார். கொர்ராதோ தரையில் உட்கார்ந்து, கோல் கம்பத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். பார்க்கவே இல்லை.

சில்வானோ பந்தைத் தன் கோலுக்குள் வைத்தார். உதைத்தார் என்று சொல்ல முடியாது. வைத்தார்.

இரண்டு ஊரும் குதித்தன. அன்று சாயங்காலம் ஆற்றுப் பாலத்தில் வைனும் பாட்டுமாக இருந்தது. வால்தோர்சோவில் மட்டும் யாரும் பாடவில்லை, புகார் எழுதினார்கள்.

இரண்டு வாரம் கழித்து பொலோனியா நகரத்தில் கால்பந்துச் சங்கத்தின் விசாரணை. இரண்டு கோலும் சில்வானோ அடித்தது என்பதால் அவரை மட்டும் கூப்பிட்டார்கள். கொர்ராதோதான் காரில் கூட்டிக்கொண்டு போனான், வெளியே நடைபாதையில் உட்கார்ந்துகொண்டான். பேசிவைத்த ஆட்டம் என்று தீர்ப்பானால் இரண்டு கிளப்பும் இறங்கும், ஆடியவர்களுக்கெல்லாம் தடை. இதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விசாரித்தவர் லன்சிலோ என்கிற வக்கீல். நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். உள்ளூர் டிவிக்காரர்கள் எடுத்த படத்தை நாலுமுறை பார்த்திருந்தார்.

"நானும் சின்ன வயசுல ஆடினவன்தான்," என்றார். "அந்த முதல் கோல் இருக்கே, அதை என்னால மறக்க முடியல. அப்படி ஒரு கோல் அடிக்க நான் எதை வேணா குடுத்திருப்பேன்."

சில்வானோவின் காது சிவந்தது. இருபது வருஷத்தில் அவருடைய ஆட்டத்தைப் பற்றி யாரும் இப்படிப் பேசியதில்லை.

"ஆனா பாருங்க," என்றார் வக்கீல். "கால்ல அவ்வளவு நிதானம் இருக்கிறவர், பத்து நிமிஷம் கழிச்சு சொந்த கோல்ல தவறிப் போட்டேன்னு சொன்னா நான் நம்ப முடியாது. முதல் பந்து நீங்க நினைச்சு அடிச்சதுன்னா, ரெண்டாவதும் நினைச்சு அடிச்சதுதான். அப்ப இது பேசிவச்ச ஆட்டம். இல்ல, ரெண்டுமே கை மீறிப் போச்சு, வயசாச்சு, முழங்கால் சரியில்லன்னா, அது வேற கதை. அதனால உங்ககிட்ட ஒரே கேள்வி. முதல் பந்தை எதுக்கு உதைச்சீங்க?"

டைப் அடிக்கிற பெண் விரலைச் சாவிமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று போனது. சில்வானோ அது போய் முடியட்டும் என்று இருந்தார்.

"கோல்கீப்பருக்குத் திருப்பிக் குடுத்தேன் சார். அதானே முறை. கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு."

"கோல் அடிக்கணும்னு நினைக்கல?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"எனக்கு அப்படியெல்லாம் அடிக்கத் தெரியாது சார். இருபது வருஷம் ஆடியிருக்கேன். யாரை வேணா கேளுங்க."

வக்கீல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வீரருக்குக் கோல் அடிக்கும் நோக்கம் இல்லை, அது தற்செயல் என்று சொல்லச் சொல்ல, அந்தப் பெண் தட்டினாள். சில்வானோ கையெழுத்துப் போட்டார். எழுந்து வெளியே வரும்போது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் நின்றார்.

திரும்பி வரும்போது பாதி வழி தாண்டியாகிவிட்டது. பக்கத்தில் கடல் வெயிலில் கிடந்தது.

"என்ன மாமா சொன்னீங்க?" என்று கடைசியில் கொர்ராதோ கேட்டான்.

"தவறிப் போச்சுன்னு சொன்னேன்."

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க. என்னைப் பத்தி அதை யாரும் நம்புவாங்க, மச்சான்."

கொர்ராதோ ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நான் நம்ப மாட்டேன். நான் எதிர்ல நின்னேன்ல. உங்க கால் பந்துக்கு அடியில போனதைப் பாத்தேன். போன உடனே தெரிஞ்சிடுச்சு எனக்கு. பின்னால ஓடிக்கூடப் பாக்கல. ஓடி என்ன பிரயோசனம்? என் தலைக்கு ஒரு சாண் மேல, அளந்து வச்ச மாதிரி. பெரிய பெரிய ஆளுங்ககிட்டல்லாம் கோல் வாங்கியிருக்கேன் மாமா. யாரும் என்னை அப்படி அடிச்சதில்ல."

சில்வானோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. கொர்ராதோ பார்க்காத மாதிரி ஓட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே அவர் கேட்டார்: "கால் அடியில போச்சுன்னியே. அப்புறம்?"

கொர்ராதோ வேகத்தைக் குறைத்து, த்ரோ போட்டதிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தான்.