செத்த ராஜா எழுந்திரிக்கவில்லை

வேடசந்தூர்ப் பக்கத்து மாதா கோவில் திருவிழா நாடகத்தில் ஞானதாஸ் இருபத்திரண்டு வருடமாகச் செத்துக்கொண்டிருந்தார். பாம்பு கடித்து ராஜா சாவார். கடைசிக் காட்சியில் முனிவர் வேண்டிக்கொள்ள எழுந்திரிப்பார். சாவதை எவனும் செய்துவிடுவான். அரை மணி நேரம் பலகையில் கிடந்துவிட்டு ஒரே துள்ளலில் எழுவதுதான் வித்தை. 1991இல் அவர் துள்ளிய வேகத்தில் கிரீடம் பறந்து பழனி பஸ்ஸின் கூரையில் விழுந்தது. மூன்றாம் நாள் கண்டக்டர் அதற்கு டிக்கெட் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். டிக்கெட் இன்னும் கோவில் பீரோவில் இருக்கிறது.

2003இல் முதுகு பிடித்துக்கொண்டது. ராஜா நாலு காலில் எழுந்தார். "அடுத்த வருசமும் இப்படின்னா கிரீடம் ஜெரோமுக்குத்தான்" என்று நாடகக் கமிட்டி சொல்லிவிட்டது. ஜெரோம் மில் ஃபிட்டர், நாற்பது வயது, முதுகெலும்பு இரும்பு.

ஞானதாஸ் திண்டுக்கல் டாக்டரிடம் போனார். டிரமடால் மாத்திரையில் வலி ஓடிப்போனது. ஆனால் காலை வேளைகளில் கை நடுங்கியது.

"என்னங்க, தண்ணி ஊத்துன மாதிரி வேர்க்குது. டாக்டர்ட்ட சொல்லுங்க" என்றாள் மனைவி ஆனந்தமேரி.

"ராஜகளை வருதுடி, போ."

நாடகத்தன்று ராஜா வேடக்காரர் ஒருசந்தி நோன்பு இருப்பது அவ்வூர் வழக்கம். பச்சைத் தண்ணீர் மட்டும்தான். 2004இல், மாத்திரை சோற்றுக் கணக்கில் சேராது என்று ஞானதாஸ் தாமே தீர்ப்பு எழுதி, ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார்.

மாலை நாலு மணிக்கு அருமையாகச் செத்தார். கிடக்கக் கிடக்கப் பலகை மெத்தையானது. முனிவர் வேடத்திலிருந்த கிளெமென்ட், "அரசே, எழுந்திரும்!" என்றது பழனி தாண்டிய பாலசமுத்திரத்திலிருந்து வருவது போலக் கேட்டது. எழ நினைத்தார், கால்கள் வேறு யாருடையவையோ. முன்வரிசையில் ஜெரோம் உட்கார்ந்திருப்பது மட்டும் மூடிய கண்ணுக்கும் தெரிந்தது. மூன்று முறை கூப்பிட்டாயிற்று. ஆர்மோனியக்காரர் அதே மெட்டை மூன்றாம் தடவையும் வாசித்தார்.

ராணி வேடம் ஞானதாஸின் அண்ணன் மகள் ஜோஸ்பின்; ஆஸ்பத்திரி நர்ஸ். ஒப்பாரி வைத்து மேலே விழுந்தவள் கழுத்தைத் தொட்டாள். ஐஸாக வேர்த்திருந்தது.

"சித்தப்பா, என்ன சாப்ட்டீக?"

"மாத்திர... ரெண்டு."

"முழுங்க முடியுமா?"

"ம்."

ஒப்பாரி மெட்டிலேயே திரும்பிப் பாடினாள்: "மந்திரியே! இனிப்பா குடிக்க ஏதாச்சும் கொண்டாங்கய்யா!"

கூட்டத்தில் சர்பத் வண்டி போட்டிருந்த நியாஸ் லுங்கியோடு மேடையேறினான்.

"தேவதூதருக்கு எந்த ஊரப்பு?" என்றது ஒரு குரல்.

"திண்டுக்கல் நாகல் நகர்."

ஜோஸ்பின் தலையைத் தூக்கிப் பிடித்து வாய் வாயாகச் சர்பத் புகட்டினாள். இரண்டு தம்ளர். கால் மணி நேரம் ஒரு குழந்தைகூட இருமவில்லை. முதலில் ஒரு விரல். அப்புறம் கண். அப்புறம் முழங்கால். அவர் நிமிர்ந்து நின்றபோது ஊர் மண்டியிட்டது. வாணக்காரர்கள் இரவுக்கு வைத்திருந்ததையெல்லாம் வெயிலிலேயே கொளுத்திவிட்டார்கள்.

ஜோஸ்பின் நேரே டாக்டரிடம் இழுத்துப்போனாள். "அபூர்வமா சிலருக்கு இந்த மாத்திரை சர்க்கரைய இறக்கிடும். பட்டினி வேற சேந்துக்கிச்சு" என்றார் டாக்டர். "வேற மாத்திரை தாரேன். இனிப் பட்டினி கூடாது. துள்ளவும் கூடாது."

துள்ளாத ராஜா எதற்கு? ஞானதாஸ் கிரீடத்தைக் கொண்டுபோய்க் கமிட்டி முன் வைத்தார். ஜெரோம் அதைத் தொடவில்லை.

"அண்ணே, துள்ளுறதுன்னா நான் துள்ளிருவேன். இம்புட்டு மெதுவா எந்திரிக்க எனக்கு எங்க தெரியும்? நீங்களே சாவுங்கண்ணே."

பங்குச் சாமியார் ராஜாவுக்கு மட்டும் ஒருசந்தியிலிருந்து விலக்கு கொடுத்தார். அடுத்த வருடம் ஞானதாஸ் பதினேழு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் செத்தார்.