தங்கூசி அறுத்த கை

"தங்கூசி அறுத்துருச்சு," என்றார் சவேரியார். தூண்டிலில் சிக்கெடுக்கும்போது மகள் ஆன்சியின் கையை அந்த நைலான் நரம்பு அறுத்துவிட்டதாக, ஆஸ்பத்திரியில் கேட்ட எல்லோரிடமும் இதையேதான் சொன்னார். ஆன்சி தலை நிமிராமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கட்டுப் போட்ட நர்ஸ் அஸ்பியா அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"அய்யா, நானும் கடக்கரைக்காரிதான். எங்க அத்தா கையப் பாத்து வளந்தவ. தங்கூசி விரல் மடிப்புல அறுக்கும், உள்ளங்கையில அறுக்கும். முழங்கைக்கு மேல போயா அறுக்கும்? அதுவும் ஆறுன காயமும் ஆறாத காயமுமா?"

சவேரியார் அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். ஐம்பது வருசம் தூண்டில் போட்டவன் சொல்லுகிற பொய்யா இது!

"சீட்டுல என்ன எழுதியிருக்க?"

"சுயதீங்கு."

"அப்படின்னா?"

"தன்னத் தானே காயப்படுத்திக்கிறது."

"அழி அத! போலீசு வரும். சாமியார் காதுக்குப் போகும். என் தம்பிய எங்கன பொதைச்சாங்க தெரியுமா? கல்லறைத் தோட்டத்துச் சுவத்துக்கு வெளியில. நாப்பது வருசமா அவன் மேல ஆடு மேயுது."

"தற்கொலைங்கிறது வேற வார்த்தைய்யா. சாகணும்னு செய்யலைன்னு உங்க மகளே சொல்லுறாங்க. உள்ள இருக்கிறது தாங்காம செஞ்சிருக்காங்க. அதுக்காக அப்படியே விட்டுறவும் முடியாது. இத எழுதுனா மனநல டாக்டர் இன்னைக்கே பாப்பாரு. தங்கூசின்னு எழுதுனா மருந்தக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எத எழுத?"

காகிதத்தில் எழுதுகிற எதையும் சவேரியார் நம்பியதில்லை. ஆனால் தம்பிக்குத் தற்கொலை என்ற பேரை வைத்தது அவன் செத்த பிறகுதான். அதற்கு முன்னால், சோறு இறங்காமல் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம், "சோம்பேறிப் பய" என்று ஏசியது வேறு யாருமில்லை, இவரேதான்.

"இருக்கட்டும்," என்றார்.

மனநல டாக்டர் தன் அறையில், "கையில என்னம்மா?" என்று கேட்டார்.

"தங்கூசி..." என்று ஆரம்பித்தாள் ஆன்சி.

"இல்ல. நான் சொன்ன பொய் அது. அவளே செஞ்சுக்கிட்டா. ரொம்ப நாளாச் செய்யுறா போல. ஏன்னு ஒரு நாளும் நான் கேக்கல."

ஆன்சி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்க வெளிய இருங்கப்பா. நான் சொல்லுறேன் டாக்டருகிட்ட."

அவர் எழுந்தார்.

"போயிராதீங்க."

"எங்க போகப்போறேன்? இங்கனதான் கெடக்கேன்."