வீடு வந்து சேர்ந்த வருடங்கள்

ஒலக்கூர் பக்கத்துப் பசை ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து தாண்டவராயனுக்கு வயது ஏறவில்லை. அப்போது அவனுக்கு முப்பத்தொன்று, கல்யாணமான புதிது. பிளைவுட் ஒட்டுகிற பசையை அங்கே, பிணம் கெடாமல் இருக்க ஊற்றுகிற அதே ஃபார்மலினை ஊற்றிக் காய்ச்சினார்கள். கொப்பரை மூடியின் ஓரத்தில் கசிகிற ஆவியில் நின்றுதான் அவன் வேலை பார்த்தான். கண் எரியும், மூக்கில் நீர் கொட்டும், தொண்டையில் மிளகாய் நெடி அடைத்துக்கொள்ளும். கூடச் சேர்ந்தவர்கள் ஒரு வருடம் தாங்காமல் ஓடிப்போனார்கள். அந்தக் கொட்டகையில் ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை அடுத்த ஆயுத பூஜைவரை வாடுவதில்லை. கழற்ற மனம் வராமல் அதன்மேலேயே புது மாலையைப் போட்டார்கள். மாலையே வாடாதபோது ஆள் வாடாததில் என்ன இருக்கிறது என்று ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் மனைவி கிளியம்மாள் மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வாழ வந்தவள். முதலில் அவளுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. வெயிலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைச் செடிக்குக் களை எடுத்துவிட்டு வீடு திரும்பினால், கல்யாணமான மாதம் அப்படியே உட்கார்ந்து கேப்பைக் களி தின்றுகொண்டிருக்கும். அதே கறுத்த மீசை, சிரித்தால் கன்னத்தில் அதே குழி. முதன்முதலில் அவனைப் பார்த்த அன்று அடித்த உப்புக்காற்றுகூட அவளுக்கு நினைவு வரும். ஆனால் அவள் தலை நரைத்தது, கடைவாய்ப் பல் விழுந்தது. மகள் ஆர்த்தியின் பள்ளிக்கூடத்தில் அவனை அண்ணன் என்றார்கள். ஒருநாள் திண்டிவனம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், “அம்மாவுக்கு ஃப்ரீ, உனக்கு மட்டும் எடு தம்பி” என்றார். தாண்டவராயன் சிரித்தான். கிளியம்மாள் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அந்த வருடம்தான் இருமல் தொடங்கியது. குடத்தைத் தூக்கினால் இருமினான். செருப்பை மாட்டக் குனிந்தால் இருமினான். காற்றில் எவ்வளவு விஷம் கலந்திருக்கிறது என்று அளக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வரப்போவதாக ஃபேக்டரியில் பேச்சு வந்தது. வரும் அன்றைக்கு மேனேஜர் குமரேசன் அவனுக்கு மட்டும் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். லீவே கொடுக்காத மனுஷன் லீவு கொடுத்தால் கிளியம்மாளுக்குப் புரியாதா? அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்குப் போனாள். நெடி வெளியேறட்டும் என்று எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. கொப்பரைகளில் பாதி அணைந்திருந்தன. அளக்க வந்த பரிமளா என்கிற பெண், ஆபீஸ் கிளார்க்கின் காலரில் வில்லை ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தாள். ஆள் மூச்சு விடுகிற இடத்துக் காற்றைப் பிடித்துவைக்கிற வில்லை அது.

“ஆவியில நிக்கிறது இந்த ஆளும்மா. இவரு மூச்ச அளக்காம யாரு மூச்ச அளந்துக்கினு இருக்கீங்க?” என்றாள் கிளியம்மாள்.

குமரேசன் வாயைத் திறப்பதற்குள் பரிமளா வில்லையைக் கழற்றிவிட்டுப் புதிது ஒன்றைத் தாண்டவராயன் சட்டையில் குத்தினாள். அணைத்த கொப்பரைகளையும் ஏற்றச் சொன்னாள். அன்று சாயங்காலம், மூச்சின் வலுவைப் பார்க்க அவனை ஒரு குழாயில் ஊதவும் வைத்தாள். சில வாரங்கள் கழித்து வீட்டுக்கே வந்தாள். அவன் நின்ற இடத்தில் ஆவி, இருக்கலாம் என்று சொல்லப்பட்ட அளவைவிடப் பல மடங்கு இருந்தது.

“அண்ணா, உங்க முகத்துக்கு முப்பது வயசு. மூச்சுக்கு எழுபது. கொப்பரைகிட்ட இனிமே போகாதீங்க” என்றாள்.

கொப்பரைக்குக் கசியாத மூடியும் ஆவியை உறிஞ்சும் ஃபேனும் போட வேண்டியதாயிற்று. அவனை லாரி எடைபோடும் மேடைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து தாண்டவராயன் கண்ணாடி முன் நின்று, “அங்கேந்து வந்துட்டா இந்த மூஞ்சி போயிடுமே கிளி” என்றான்.

அவளுக்கும் அந்த முகத்தை விட மனமில்லை. ஆனாலும் சொன்னாள்: “நான் மட்டும் தனியா கெழவியாயிக்கினு இருக்கேன். நீயும் வாய்யா.”

அவன் எடை மேடைக்குப் போனான். ஃபேக்டரி வாசலில் இத்தனை காலம் நின்றுபோயிருந்த வருடங்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்களைப் போல முன்னும் பின்னுமாக வீட்டுக்கு வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் வந்த அன்று அவனுக்குக் கொஞ்சம் நரைத்தது. ஒரு காலையில் வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. ஆர்த்தி நடக்கப் பழகிய வருடம் அது. அப்போது அவன் டபுள் ஷிஃப்ட்டில் இருந்தான். கிளியம்மாள் தனியாகத்தான் பார்த்தாள். இப்போது இருவரும் நிலைப்படியில் உட்கார்ந்து, வெற்று வாசலில் கொலுசு தடுமாறுவதையும் விழுவதையும் எழுவதையும் மதியம்வரை கேட்டார்கள். உள்ளே பத்தாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்த ஆர்த்தி, “சத்தம் போடாதீங்கப்பா” என்றாள். “நீதாம்மா போடுற” என்றான் அவன்.

தெருவும் பழகிக்கொண்டது. மல்லாட்டை காயப்போடுமுன் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் வேலிக்கு அந்தப்புறமிருந்து, “இன்னாக்கா, இன்னிக்கு எந்த வருசம்?” என்று கேட்டுக்கொள்வாள்.

கடைசியாக வந்தது ‘தானே’ புயல் அடித்த வருடம். அன்றைக்கு அவன் ஃபேக்டரியில் மாட்டிக்கொண்டிருந்தான். மகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பறக்கிற கூரைத் தகரத்தைக் கிளியம்மாள் விடியும்வரை ஒற்றை ஆளாகத் தொங்கிப் பிடித்திருந்தாள். இப்போது வெயில் நேரத்தில் அந்த வீட்டின்மேல் மட்டும் காற்று எழுந்தது, மழை இறங்கியது. தாண்டவராயன் முக்காலியில் ஏறினான். இளைத்தது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறி, அவள் இப்போதும் தொங்கிப் பிடித்திருந்த தகரத்தின் மறுமுனையைப் பிடித்தான். அவனுடைய நனைந்த தலை முழுக்க வெளுத்திருந்தது. “விட்றாத” என்றாள். “விடல” என்றான்.

பக்கத்து வாசலில் குப்பம்மாள் மல்லாட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே நல்ல வெயில்.